‘இருந்தார்’ என்றுதான் எழுதினேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசியில் வேகமாகத் தட்டச்சு செய்வது பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு கட்டுரை வந்தது. தானாகத் திருத்தும் வசதியையும் அடுத்த சொல்லைக் கணித்துத் தரும் வசதியையும் முடுக்கிவிடுங்கள், பாதி வேலை குறைந்துவிடும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் நான் அந்த இரண்டையும் இரண்டு ஆண்டுகளாக அணைத்து வைத்திருப்பவன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு 62 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் புற்றுநோய்க்காக என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். மூச்சு இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாகப் போய் வருகிறது. நுரையீரலிலிருந்து வாய்க்குக் காற்று வரும் வழி அடைபட்டுவிட்டதால் பேச்சு கிடையாது. கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்ந்து குரல் தரும் கருவி ஒன்று உண்டு. கதிர்வீச்சில் என் கழுத்துத் தோல் இறுகிப்போனதால் அந்த அதிர்வு உள்ளே போகவில்லை. வண்டு இரைச்சல்தான் கேட்டது. உணவுக்குழாய்க்குள் காற்றை இழுத்து, ஏப்பம் விடுவது போலப் பேசுகிற முறையையும் ஆறு மாதம் பழகினேன். பத்துச் சொல்லுக்கு மேல் தேறவில்லை. ஆகவே கைபேசிதான் என் வாய். நான் தட்டச்சு செய்வேன், அது உரக்கப் படிக்கும். முப்பது வயதுப் பெண்ணின் குரலில் படிக்கும். எனக்கு அது பழகிவிட்டது. என் மனைவி மட்டும் இன்னும் சிரிக்கிறாள்.

மற்றவர்களுக்கு ஒரு சொல் மாறிப்போனால் ‘ஸாரி, ஆட்டோகரெக்ட்’ என்று அடுத்த வரியில் போட்டுவிட்டுப் போய்விடலாம். நான் அடிப்பது கேட்பவரின் காதில் அப்போதே விழுந்துவிடுகிறது. விழுந்ததைத் திருப்பி எடுக்க மறுபடியும் அரை நிமிடம் தட்ட வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணனுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை நடந்தது. முதல் இரவு துணைக்கு நான்தான் இருந்தேன். வலியோ மருந்தின் மயக்கமோ, அவர் வெகுநேரம் தூங்கவே இல்லை. சிறு வயதுக் கதைகளை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்ல முடியாதவன் என்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. விடிந்ததும் குடும்பக் குழுவில் எல்லோருக்கும் தகவல் போட்டேன். நான் போட நினைத்தது இதுதான்: ‘ராத்திரி இரண்டு மணி வரை பேசிக்கொண்டே இருந்தார். டாக்டர் வந்ததும் மற்றதைச் சொல்கிறேன்.’

போனது இப்படி: ‘ராத்திரி இரண்டு மணி வரை பேசிக்கொண்டே இறந்தார். டாக்டர் வந்ததும் மற்றதைச் சொல்கிறேன்.’

கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டேன். திரும்பி வருவதற்குள் தங்கையிடமிருந்து ஆறு அழைப்புகள். எனக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள், செய்து என்ன பயன்? அதனால் அவளுக்குத்தான் ஏதோ ஆபத்து என்று பயந்து ஏழாவது அழைப்பை எடுத்தேன். எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. நான் நகத்தால் போனை ஒரு தட்டு தட்டினால் ‘ஆமாம்’, இரண்டு தட்டினால் ‘இல்லை’.

“சின்னண்ணா, நீங்க போட்டது நிஜந்தானா?” என்றாள்.

நான் ஒரு தட்டு தட்டினேன்.

அந்தப் பக்கம் கிளம்பிய அலறலைக் கேட்ட பிறகும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதறிப்போனதில் எனக்கு இரைத்தது. என் கழுத்துத் துளை வழியாக வருகிற மூச்சு போனில் விசும்பல் மாதிரி கேட்கும். நானும் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். போனை வைத்துவிட்டுக் குழுவைத் திறந்து பார்த்தால் பதினோரு பேர் ‘ஆழ்ந்த இரங்கல்’ போட்டிருந்தார்கள். அவ்வளவு வேகம் எப்படி என்று பிறகு யோசித்தேன். ‘ஆழ்ந்த’ என்று அடித்தால் போதும், ‘இரங்கல்’ தானாக மேலே வந்து நிற்கும். என் போன் அண்ணனைக் கொன்றது, அவர்கள் போன்கள் துக்கம் விசாரித்தன.

அண்ணனை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லா இரங்கலையும் நிதானமாகப் படித்தார். யார் யார் போடவில்லை என்று கேட்டார். அப்புறம் என் போனை வாங்கி, “நான் இன்னும் கிளம்பலை, எல்லாரும் போய் வேலையைப் பாருங்க” என்று குரல் பதிவு செய்து அனுப்பினார். தங்கை அதற்குள் பாதி வழி வந்துவிட்டிருந்தாள்.

அது எப்படி நடந்தது என்று அன்றைக்கே மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்போது நான் ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழாக்கும் விசைப்பலகையை வைத்திருந்தேன். தமிழில் எழுதும் பலரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ‘இருந்தார்’ என்பதற்கு ஐ, ஆர், யு, என், டி, ஹெச், ஏ, ஆர் என்று தட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் அந்த ‘யு’ என் விரலில் படவில்லை. மிச்சமிருந்த எழுத்துகளுக்குக் கிட்டத்தில் என்ன சொல் இருக்கிறது என்று அது தேடியது. ‘இறந்தார்’ இருந்தது, அதுவும் அடிக்கடி புழங்குகிற சொல். மேலே இருக்கும் பட்டியில் அதை முதலாவதாக நிறுத்தியது. நான் ஸ்பேஸ் தட்டினேன். இந்த வகை விசைப்பலகையில் ஸ்பேஸ் தட்டினால் முதலில் நிற்கிற சொல்லை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். நான் ஏற்றுக்கொண்டேனா? சொல்லை முடித்தேன், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத் தவறினால் பெரும்பாலும் பொருளில்லாத ஒரு குப்பை வரும். பிழை என்று பார்த்ததும் தெரியும். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. ‘ஓ, எல், ஐ’ என்று மூன்று எழுத்தைத் தட்டிப் பாருங்கள். ஒலி, ஒளி, ஒழி மூன்றும் வரிசையில் வந்து நிற்கும். வாழ்த்தும் சாபமும் பக்கத்துப் பக்கத்தில்! மனம், மணம், அரை, அறை, கரை, கறை, இரங்கு, இறங்கு. மூன்று லகரங்களும் மூன்று னகரங்களும் இரண்டு ரகரங்களும் உள்ள மொழியை அவ்வளவு பிரிவு இல்லாத எழுத்துக்குள் அமுக்கி, மறுபடி விரித்தெடுக்கிற வேலை அது. விரிக்கும்போது எது என்று போன் ஊகிக்கிறது. ஊகம் தப்பினாலும் நல்ல தமிழ்ச் சொல்லாகவே வந்து உட்காருவதால் நம் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. சிவப்புக் கோடு கூட வராது. ‘இறந்தார்’ பிழையில்லாத சொல்தானே?

தமிழ் எழுத்துகளையே நேரடியாகத் தட்டுகிறவர்களுக்கும் வேறொரு தொல்லை இருக்கிறது. ‘போயிருக்கமாட்டார்களோ’ என்பதை நாம் ஒரே மூச்சில் எழுதுவோம். ஒரு வினைச்சொல்லின் மேல் காலம், இடம், எண், மறுப்பு, ஐயம் என்று அடுக்கிக்கொண்டே போகிற மொழி இது. எல்லா வடிவங்களையும் ஒரு பட்டியலில் அடைத்து வைக்க முடியாது. பட்டியலில் இல்லாததைப் பார்த்தால் போன் அதைப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்றாக மாற்றப் பார்க்கும். ஊர்ப் பேச்சு, ஆட்களின் பெயர், செல்லப் பெயர் எல்லாம் அதன் கண்ணுக்குப் பிழைதான். என் பேத்தியின் பெயரை அது நான்கு விதமாகத் திருத்தியிருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் மட்டும் ஐந்தாவதாகக் கூட வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கணிப்புப் பட்டியை நான் உடனே அணைக்கவில்லை. அது எதையும் மாற்றுவதில்லையே, சும்மா மூன்று சொல்லை நீட்டுகிறது, வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மருத்துவரிடம் போன ஒரு நாள் அந்த எண்ணமும் போயிற்று.

என்னைப் போன்றவர்களுக்கு அறுவைக்குப் பிறகு உணவுக்குழாய் சுருங்கி, விழுங்குவது கடினமாவது உண்டு. மருத்துவர் கேட்டார், “விழுங்கும்போது எப்படி இருக்கு?” நான் ‘விழுங்கும்போது வலி’ வரை அடித்துவிட்டேன். ‘இருக்கிறது’ என்று தொடர வேண்டும். பட்டியில் முதல் சொல்லாக ‘இல்லை’ வந்து நின்றது. முந்தைய மாதங்களில் நானே பல முறை ‘வலி இல்லை’ என்று எழுதியிருக்கிறேன், அதிலிருந்து கற்றுக்கொண்டிருக்கும். என் கட்டைவிரல் விசையைத் தொடப் போய் அதன் மேல் பட்டது. அடுத்து ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டினேன். ‘விழுங்கும்போது வலி இல்லை’ என்று அந்தப் பெண் குரல் கணீரென்று சொன்னது. மருத்துவர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். நான் இரண்டு கையையும் ஆட்டி, தலையை ஆட்டி, மறுபடி அடித்துக் காட்டுவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார்.

என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். நான் அடிக்க அடிக்க என் திரையை எட்டிப் பார்ப்பார்கள். நான் எழுதியதை மட்டுமா படிப்பார்கள்? பட்டியில் நிற்கிற மூன்று சொற்களையும் சேர்த்துப் படிப்பார்கள். நான் தேர்ந்தெடுக்காத சொல்லுக்குப் பதில் வந்துவிடும். சில போன்களில் இப்போது அடுத்த சொல் பட்டியில் கூட நிற்பதில்லை. நாம் எழுதும் வரியிலேயே, நம் சொல்லை ஒட்டி, சாம்பல் நிறத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதிரே இருப்பவருக்கு எது நான் எழுதியது, எது போன் எழுதியது என்று எப்படித் தெரியும்?

குரல் போனதிலிருந்து என்னைச் சுற்றி இருப்பவர்களே ஒரு கணிப்புப் பட்டியாகிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் இருக்கிறாரே, நான் இரண்டு சொல் அடிப்பதற்குள் மிச்சத்தை அவரே முடித்து, அதற்குப் பதிலும் சொல்லி, சில சமயம் அதன் மேல் கோபமும் பட்டுவிடுவார். அன்பினால்தான். என் மனைவி மட்டும், நான் தட்டத் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். போன் பேசி முடித்த பிறகுதான் திரும்புவாள். அப்படிச் செய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, இந்த வசதிகளைச் செய்தவர்கள் என்ன முட்டாள்களா? இல்லை. கண்ணாடித் திரையில் தட்டும்போது விரலுக்கு விசை தட்டுப்படாது. கட்டைவிரலோ விசையை விடப் பெரியது. குறி தப்பத்தான் செய்யும். 2007இல் ஐபோன் வந்தபோது விசைகளே இல்லாத ஒரு பலகையில் மக்களை எழுத வைக்க வேண்டியிருந்தது. அதற்கான மென்பொருளை எழுதிய கென் கோசியெண்டா என்ற பொறியாளர், தப்பிய குறியைச் சொற்பட்டியலைக் கொண்டு சரிசெய்கிற வழியைப் பிடித்தார். அதற்கும் முன்னால், 1993இல் மைக்ரோசாப்ட் வேர்டில் இது வந்துவிட்டது; ‘தி’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள் இடம் மாறி விழுந்தால் தானாகச் சரியாகும். அதை யாரும் குறை சொல்ல முடியாது. அப்படி இடம் மாறி விழுந்த சொல்லுக்கு வேறு பொருளே கிடையாதே. பொத்தான் வைத்த பழைய போன்களில் இருந்த டி9 முறையும் ஊகம்தான். ஒரே எண் பொத்தானில் மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும்; 4, 6, 6, 3 என்று அழுத்தினால் ‘குட்’ என்றும் வரலாம், ‘ஹோம்’ என்றும் வரலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு சொல்லும் ஊகம் என்பது நமக்கே தெரியும், அதனால் பார்த்துப் பார்த்து அனுப்பினோம். இப்போது பத்தில் ஒன்பதைப் போன் சரியாகப் போட்டுவிடுவதால் பத்தாவதைப் பார்க்காமலே அனுப்பிவிடுகிறோம்.

ஆங்கிலக்காரர்களும் இதில் சும்மா இல்லை. ஒரு வசைச்சொல்லை அடித்தால் வாத்தாக மாறி நிற்கிறது என்று ஆண்டுக்கணக்காகப் புலம்பினார்கள். 2023இல் புதிய மென்பொருளை அறிமுகப்படுத்திய மேடையிலேயே ஆப்பிள் நிறுவனத்தின் கிரெய்க் ஃபெடரிகி அந்த வாத்தைச் சொல்லிக் கிண்டலடித்து, இனி அப்படி ஆகாது என்றார். வைவதற்கு அவர்களுக்கு வழி பிறந்துவிட்டது. உயிரோடு இருப்பவரை உயிரோடு விட்டுவைக்க நமக்கும் ஒரு வழி பிறக்க வேண்டாமா?

வேகம் என்ற வாதத்தையும் பார்த்தேன். 2019இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தினரும் வேறு சிலரும் 37,000 பேருக்கு மேல் கைபேசியில் தட்டச்சு செய்வதை அளந்தார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொல். தானாகத் திருத்தும் வசதியை வைத்திருந்தவர்கள் வேகமாக அடித்தார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் பட்டியிலிருந்து சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் மெதுவாகவே அடித்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிமிர்ந்து பார்த்து, மூன்றையும் படித்து, வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரம், தட்டுகிற நேரத்தைத் தின்றுவிடுகிறது. அவர்கள் அளந்தது ஆங்கிலத் தட்டச்சு. தமிழுக்கு என் மகள் கடிகாரம் வைத்து என்னை மட்டும் அளந்தாள்: எல்லாம் முடுக்கி வைத்திருந்தபோது நிமிடத்துக்கு 19 சொல், அணைத்த பிறகு 14. ஐந்து சொல் நஷ்டம். தவறான சொல்லைத் திருப்பி எடுக்க நான் பட்ட பாட்டை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

நஷ்டத்தை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. பட்டி இருந்த நாட்களில் என் பேச்சு சுருங்கிப்போயிருந்தது. ‘நலம்’, ‘பரவாயில்லை’, ‘சரி’, ‘நன்றி’. மேலே வந்து நிற்பதைத் தொட்டுவிட்டுப் போவேன். நான் குரலோடு இருந்த காலத்தில் அப்படிப் பேசுகிறவன் இல்லை. வீட்டில் வாயாடி என்று பெயர் எடுத்தவன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சிலரிடம் படங்களைக் காட்டி விவரித்து எழுதச் சொன்னார்கள் என்றும், கணிப்புச் சொற்கள் காட்டப்பட்டபோது அவர்கள் சுருக்கமாகவும், எதிர்பார்க்கக்கூடிய சொற்களைக் கொண்டும் எழுதினார்கள் என்றும் 2020இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மகள் அதைப் படித்துச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எனக்கு வயதாகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கணிப்பே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, இரண்டு அர்த்தத்திலும். ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத் தசையின் ஒரு சிறு அசைவை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினார். இன்டெல் நிறுவனம் அவருக்காகச் செய்து 2014இல் வெளியுலகுக்குக் காட்டிய அமைப்பில், ஸ்விஃப்ட்கீ நிறுவனத்தின் சொல் கணிப்பு இருந்தது. அவருடைய நூல்களையும் உரைகளையும் கொண்டே அதைப் பழக்கியிருந்தார்கள். ஓர் எழுத்துக்கே அவ்வளவு பாடுபடுகிறவருக்கு முழுச் சொல்லையும் நீட்டுகிற கருவி வரம்தான். கை நடுக்கம் உள்ளவர்கள், எழுத்துக் கூட்டுவதில் தடுமாறுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். என் கட்டைவிரல்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. எனக்குப் போனது குரல் மட்டும்.

இனி, அணைக்கும் விதம். உங்கள் கட்டுரையில் இல்லாத பகுதி இதுதான். ஆண்ட்ராய்டு போன்களில் கூகுள் விசைப்பலகை இருந்தால், அதன் மேல் வரிசையில் இருக்கும் பல்சக்கரப் படத்தைத் தொட்டு, ‘டெக்ஸ்ட் கரெக்ஷன்’ என்ற பகுதிக்குள் போங்கள். தானாகத் திருத்துவதற்கு ஒன்று, பட்டிக்கு ஒன்று என்று தனித்தனிச் சுவிட்சுகள் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், அதற்குள் ஜெனரல், அதற்குள் கீபோர்டு. அங்கே ‘ஆட்டோ-கரெக்ஷன்’ ஒரு சுவிட்ச், ‘பிரிடிக்டிவ்’ இன்னொன்று. பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். ஆனால் இரண்டும் வெவ்வேறு சுவிட்சுகள் என்பதை மறக்க வேண்டாம். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதும் போயிற்று என்று நானே ஒரு வாரம் ஏமாந்திருக்கிறேன். எழுத்துப் பிழைக்குச் சிவப்புக் கோடு போடுவது மூன்றாவது வசதி. அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது என் சொல்லைத் தொடுவதில்லை. இது சரிதானா பார் என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறது.

அணைக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு சிறு வழி. போன் ஒரு சொல்லை மாற்றியதும், வேறு எதையும் தொடாமல் உடனே அழிக்கும் விசையை ஒரு தட்டு தட்டினால், பல விசைப்பலகைகளில் நாம் அடித்த பழைய சொல்லே திரும்பி வரும். முழுச் சொல்லையும் அழித்து மறுபடி எழுத வேண்டியதில்லை. இதைத் தெரியாமல் நான் எத்தனை நூறு சொல்லை எழுத்தெழுத்தாக அழித்திருப்பேன்!

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சுவிட்சுகளால் முழுப் பயன் இல்லை. அந்த முறையின் உயிரே ஊகம்தான். அதை அணைத்தால் தமிழே வராது. விசைப்பலகையையே மாற்ற வேண்டும். நான் தமிழ்99க்கு மாறினேன். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது பக்கம். முதல் வாரம் போனைத் தூக்கி எறியலாம் என்று இருந்தது. என் வீட்டார் அந்த ஒரு வாரம் மிகவும் அமைதியாக இருந்ததாகச் சொன்னார்கள். மூன்றாவது வாரத்தில் விரல் தானாகப் போகத் தொடங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ்99இலும் தானாக நடக்கிற வேலை உண்டு. ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்துக்கு அதுவே புள்ளி வைத்து ‘க்க’ ஆக்கிவிடும். நகரத்தை அடுத்துத் தகரத்தைத் தட்டினால் ‘ந்த’. என்னைக் கேட்டா வைக்கிறது? இல்லை. ஆனாலும் எனக்கு அதன் மேல் ஒரு கோபமும் வருவதில்லை. எப்போது புள்ளி வைக்கும், எப்போது வைக்காது என்பது நேற்றும் இன்றும் ஒன்றுதான். நேற்று நான் யாருக்கு என்ன எழுதினேன் என்பதைப் பார்த்து இன்று அது புத்தி மாறுவதில்லை. அதன் குணம் எனக்குத் தெரியும், என் குணத்தைத் தெரிந்துகொள்ள அது முயல்வதில்லை. நல்ல வேலைக்காரனோடு இருப்பது போல இருக்கிறது.

சேமித்து வைத்த வாக்கியங்களும் சில என் போனில் உண்டு. ‘எனக்குக் குரல் இல்லை, காது நன்றாகக் கேட்கும், தட்டச்சு செய்து பேசுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்’ என்பது அதில் முதலாவது. பலரும் என்னிடம் கத்திப் பேசுவதால் ‘காது நன்றாகக் கேட்கும்’ என்பதைப் பிறகு சேர்த்தேன். ஒரு தட்டில் முழுதும் ஒலிக்கும். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதியது நான். எப்போது ஒலிக்க வேண்டும் என்பதும் என் முடிவு.

இந்த விசைப்பலகைகளைச் செய்கிறவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்களா தெரியாது. படித்தால் அவர்களிடம் கேட்க இரண்டு உண்டு. போனை முதன்முதலில் இயக்கும்போது எத்தனையோ கேட்கிறீர்கள். ‘உங்கள் சொற்களை நாங்கள் மாற்றலாமா?’ என்பதையும் கேளுங்கள். மாற்றிய சொல்லுக்கு அடியில், அனுப்பும் வரை, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கோடு போடுங்கள். ஐபோனில் 2023 முதல் அப்படி ஒரு கோடு வருகிறது. மேலே தொட்டால் பழைய சொல் கிடைக்கும். எல்லா விசைப்பலகையிலும், எல்லா மொழியிலும் அது வர வேண்டும். ஆசிரியரே, உங்களிடம் கேட்பது ஒன்றே: முடுக்குவதைப் பற்றி எழுதிய அதே பகுதியில், அதே அளவு இடத்தில், அணைப்பதைப் பற்றியும் ஒரு முறை எழுதுங்கள்.

அண்ணன் இப்போது கைத்தடி ஊன்றி நன்றாக நடக்கிறார். குடும்பக் குழுவில் தினமும் காலையில் ஒரே ஒரு சொல் போடுகிறார்: ‘இருக்கிறேன்.’ அவர் போனில் எல்லா வசதியும் முடுக்கியேதான் இருக்கிறது. நான் எவ்வளவோ சொல்லியும் அணைக்க மறுக்கிறார். ‘இ’ என்று தொட்டாலே அந்தச் சொல் வந்துவிடுகிறதாம்.

இந்தக் கடிதத்தை நான் போனில்தான் அடித்தேன், ஐந்து நாள் ஆயிற்று. பிழைகள் இருக்கும், எல்லாம் என்னுடையவை. திருத்திக்கொள்ளுங்கள். ‘இருந்தார்’ என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் கை வைக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அண்ணன் உங்கள் பத்திரிகையைத் தினமும் படிக்கிறவர்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்